செல்லுக்குள் சுமை தூக்கும் புரதம்: எலைசா காட்டும் எண்ணை நம்பலாமா?

முதுகுத் தண்டில் கிளம்பும் ஒரு நரம்பு செல்லின் இழை, கால் விரல் வரை சுமார் 1 மீட்டர் நீள்கிறது. அதன் கடைசி முனைக்குத் தேவையான சரக்கைச் சுமந்துகொண்டு ‘நடப்பது’ கைனசின் என்னும் மோட்டார் புரதம். ஓர் எட்டுக்கு 8 நானோமீட்டர்! 1985-ல் ரொனால்டு வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கணவாயின் நரம்பில் இதைக் கண்டறிந்தார்கள்.

இந்தப் போக்குவரத்து கெட்டால் நரம்பும் கெடும். கேஐஎஃப்5ஏ என்ற கைனசின் மரபணுவின் மாற்றங்களுக்கும் ஏஎல்எஸ் நோய்க்கும் தொடர்பு இருப்பதை 2018-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. அதனால், ஒரு மாதிரியில் கைனசின் எவ்வளவு இருக்கு என்ற கேள்வி சாதாரணமானது அல்ல.

எப்படி அளக்கிறார்கள்?

டெங்கு டெஸ்ட்டில் கேள்விப்பட்ட அதே எலைசாதான். 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ஆன்டிபாடி பூசப்பட்டிருக்கும். மாதிரியை ஊற்றினால், தனக்குரிய புரதத்தை அது பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிவிட்டு, நொதி ஒட்டிய இன்னொரு ஆன்டிபாடியைச் சேர்ப்பார்கள். பிறகு சேர்க்கும் வேதிப்பொருள் நிறம் மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, புரதம் அவ்வளவு அதிகம்.

சிக்கல் எங்கே?

நிறம் வந்தால் ஆன்டிபாடி எதையோ பிடித்திருக்கு என்றுதான் அர்த்தம். பிடித்தது கைனசின்தானா? மனிதர்களுக்குக் கைனசின் குடும்பத்தில் மட்டும் 45 மரபணுக்கள். கேஐஎஃப்5ஏ, 5பி, 5சி மூன்றும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. ஆள் மாறினாலும் மெஷின் ஓர் எண்ணைக் காட்டிவிடும்.

இது வெறும் பயம் இல்லை. நரம்பியல் தொடர்பான 65 புரதங்களுக்குச் சந்தையில் கிடைக்கும் 614 ஆன்டிபாடிகளைச் சோதித்த ஆய்வு 2023-ல் வெளியானது. இலக்கையே அடையாளம் காணாத ஆன்டிபாடியை நம்பி, ஒரு புரதத்துக்குச் சராசரியாக சுமார் 12 ஆய்வுக் கட்டுரைகள் வந்திருந்தன. எலைசா அந்தச் சோதனையில் இல்லை. ஆனால் அதுவும் நிற்பது ஆன்டிபாடியை நம்பித்தான்.

தீர்வு என்ன?

அந்த மரபணுவையே நீக்கிய செல்லில் சோதிப்பதுதான் உறுதியான வழி. புரதமே இல்லாத இடத்திலும் நிறம் வந்தால், ஆன்டிபாடி பொய் சொல்கிறது. கிட் வாங்கும் ஆய்வகம் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது இந்த முடிவைத்தான்.

இன்னொன்று: எலைசா எண்ணிக்கை மட்டுமே சொல்லும். டிப்போவில் எத்தனை பஸ் நிற்கிறது என்பது தெரியும். எத்தனை ஓடுகிறது என்பது தெரியாது.