பஸ்ஸில் போட்ட துண்டு

கடலூர் பஸ் முழுதாக நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே விழும். அந்த இடம் போயிற்று. ஏறுகிறவர் துண்டைப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்வார்; நகராதவருக்குச் சண்டை காத்திருக்கும். புதுச்சேரிக் கடலோரப் பனித்திட்டில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் பாடம் நடத்தியதில்லை. அதே பிள்ளை சிங்கப்பூர் போகிறான். உணவங்காடியில் சாப்பாட்டுத் தட்டோடு இடம் தேடுகிறான். காலி மேசைமேல் கிடக்கும் டிஷ்யூ பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். அந்த ஊர்த் துண்டு அதுதான் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

சண்டை வந்தாலாவது பரவாயில்லை. நம்மூரில் தப்புக்கு நாலு பேர் அதட்டுவார்கள், அந்த அதட்டலிலேயே பாடம் முடிந்துவிடும். வெளியூரில் பெரும்பாலும் அதட்ட மாட்டார்கள். ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் ஆறு மாதம், ஒரு வருஷம் ஓடிவிடும். 'இந்த ஊர்க்காரன் நம்மை மதிக்கவில்லை' என்று இவன் முடிவு கட்டுவான். 'இவனுக்கு மரியாதை தெரியவில்லை' என்று அவர்கள் முடிவு கட்டுவார்கள்.

புதுச்சேரிக்காரர்களான நமக்கு இதில் சாக்கு சொல்ல இடமில்லை. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரியை இந்தியாவோடு இணைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அதற்கும் முந்தைய தலைமுறையில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனுக்குக் கப்பலேறியவர்கள் உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்த 'சொல்தா'க்கள் பென்ஷனில் கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருகிறார், சம்பளக் கணக்கும் சொல்கிறார். பிரான்ஸில் ரொட்டிக் கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' சொல்லாமல் நேரே ரொட்டி கேட்டால் கடைக்காரர் முகம் சுருங்கிவிடும் என்பதை மட்டும் சொல்வதில்லை. முதல் வாரம் தான் பட்ட அவமானத்தைச் சொன்னால் கௌரவம் குறைந்துவிடுமாம்!

இதை வைத்து நம் பிள்ளைகள் மரியாதை கெட்டவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் கடைக்குப் போனால் வணக்கம் சொல்வதில்லை. 'அண்ணே, ரெண்டு ரொட்டி' என்கிறோம். அந்த 'அண்ணே'க்குள் வணக்கம் அடங்கிவிடுகிறது. சோறு போட்ட அக்காவிடம் 'நன்றி' என்றால், 'என்னடா, என்னை அசலாளாக்கிட்டே?' என்று கோபித்துக்கொள்வாள். நன்றியைச் சொல்லாமலிருப்பதே நெருக்கம் என்று வளர்ந்தவன், 'மெர்சி' என்று நாளுக்கு முப்பது தடவை சொல்லும் ஊரில் போய் நிற்கிறான். மரியாதை இருக்கிறது, அது வேறு பாத்திரத்தில் இருக்கிறது.

பிரான்ஸில் முகம் சுருங்கும், அவ்வளவுதான். வளைகுடாவில் நிலைமை வேறு. ரமலான் பகலில் வெளியிடத்தில் தண்ணீர் குடிப்பதும், முன்பின் தெரியாத பெண்கள் விழும்படி போட்டோ எடுப்பதும் சில நாடுகளில் போலீஸ் வரை போகும். பத்தாம் வகுப்பு தேறாமல் அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்காக மத்திய வெளியுறவுத் துறை, புறப்படுமுன் ஒரு வழிகாட்டுப் பயிற்சி வைத்திருக்கிறது. அதை விசாரித்து அனுப்புவது வீட்டார் வேலை. ஏஜெண்ட் சொல்வான் என்று இருந்துவிட முடியாது.

விதி என்று இருந்தாலே தலையாட்ட வேண்டுமா? அதற்கும் புதுச்சேரியிலேயே பதில் இருக்கிறது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். தமிழன் காலணியைக் கழற்றிவிட்டு நிற்பதுதான் அன்றைய வழக்கம். கழற்றச் சொன்னார்கள், மறுத்தார். பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார்.  அவர் போராடியது காலணிக்காக அல்ல, ஆளுக்கு ஆள் மாறும் சட்டத்தை எதிர்த்து. உள்ளூர்க்காரனும் வெளியூர்க்காரனும் ஒன்றாகக் கடைப்பிடிப்பது நாகரிகம், கற்றுக்கொள்ளலாம். நமக்கென்று தனியாக வைத்திருப்பது இளக்காரம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், அந்த விதியை முதலில் யாராவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

வாய்விட்டுச் சொல்வது கடற்கரை ஊர்களுக்குப் புதிதல்ல. ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்று கடலுக்குப் போவதில்லை. படகில் செருப்புக் காலோடு ஏறுவதில்லை. இவை எந்த அரசிதழிலும் வராதவை. மீறினால் பஞ்சாயத்தார் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இத்தனை கட்டுப்பாட்டையும் எழுதாமலே காப்பாற்றுகிற ஊருக்கு, வெளிநாடு போகும் நாலு பிள்ளைகளை உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லத் தெரியாதா?

மாசி மகத்துக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஒரு மாலை நேரம் பொது இடத்தில் உட்காரவைக்கலாம். மேடை, மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். எந்த நாட்டில் குப்பையை எப்படிப் பிரிக்க வேண்டும், இரவு எத்தனை மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் கூடாது, மேலதிகாரியைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமா என்று பிள்ளைகள் கேட்கட்டும். தான் சறுக்கிய கதையோடு பதில் சொல்கிறவருக்கு ஒரு டீ கூடுதலாகக் கொடுக்கலாம். கொம்யூன் பஞ்சாயத்தும் நூலகமும் பள்ளியும் இடம் தந்தால் போதும். தனியாரிடம் கட்டணம் கட்டிப் பயிற்சி எடுக்கும் வசதி எல்லா வீட்டுக்கும் இல்லை.

சொல்லியும் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சிங்கப்பூரிலேயே பார்க்கலாம். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கும்படி பல வருஷம் பிரசாரம் செய்து பார்த்தார்கள். பழக்கம் போதுமான அளவு ஒட்டவில்லை. 2021 செப்டம்பரில் உணவங்காடிகளில் அது அபராதம் விதிக்கும் சட்டமாக அமலுக்கு வந்தது.

அந்த மாலைக் கூட்டத்தில் இன்னும் இரண்டு நாற்காலி போட வேண்டும். சேதராப்பட்டுத் தொழிற்சாலைகளுக்கும் நம் பக்கத்துக் கட்டட வேலைகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்களுக்கு நாம்தான் வெளிநாடு. பஸ்ஸில் கிடக்கும் துண்டைத் தள்ளிவிட்டு உட்காருகிற, அப்படி வந்த ஒரு பையனை அதட்டுகிறோம். எதற்கு என்று இந்தியிலோ சைகையிலோ சொல்வதில்லை. அவனும் ஒரு நாற்காலியில் இருந்தால், நம் ஊரில் அவனுக்குப் புரியாதது என்ன என்று கேட்கலாம். பட்டியல் நீளமாக இருக்கும். டீ இன்னொரு கெட்டில் சொல்லிவைப்பது நல்லது.