வயிற்றைச் சுருக்கும் ரண சிகிச்சை: தீர்மானிப்பது யார்?

உடல் பருமனுக்கு ரண சிகிச்சை செய்துகொள்ளலாமா, வேண்டாமா என்ற கேள்வி பணக்கார வீடுகளைத் தாண்டி இன்று சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்கும் வந்துவிட்டது. லாரி ஓட்டும் தொழிலாளி கேட்கிறார். தையல் மிஷின் முன்னால் நாள் முழுவதும் உட்காரும் பெண் கேட்கிறார். மகளுக்கு வரன் தேடும் தாய் கேட்கிறார்.

பதில் சொல்ல இரண்டு கூட்டத்தார் தயாராக நிற்கிறார்கள். “நாலு இட்லியைக் குறைத்தால் போதும், கத்தி எதற்கு?” என்பது ஒரு கூட்டம். சிகிச்சைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் என்று போட்டு, “பணத்தைத் தவணையில் கட்டலாம், வாருங்கள்” என்பது இன்னொரு கூட்டம். முதல் கூட்டம் நோயாளியை அவமானப்படுத்துகிறது. இரண்டாவது கூட்டம் அவருக்கு ஆசை காட்டுகிறது. இரண்டும் சொல்லாமல் மறைக்கும் விஷயங்கள்தான் முக்கியமானவை.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த ரண சிகிச்சை ஏமாற்று வித்தையல்ல. தேவைப்படுவோருக்கு ஆயுளை நீட்டிக்கும் உண்மையான வைத்தியம். ஆனால் வெட்கத்துக்குப் பயந்தோ, விளம்பரத்தை நம்பியோ, கந்துவட்டிக்குக் கடன் வாங்கியோ அவசரத்தில் செய்துகொள்ளத் தக்கதல்ல. எல்லா விவரமும் தெரிந்துகொண்டு நோயாளியே நிதானமாகத் தீர்மானிக்க வேண்டும். அந்த நிதானம் கையில் காசுள்ளவருக்கு மட்டுமே கிடைக்கிறதே, அதுதான் நம் ஆட்சேபம்.

சோம்பேறித்தனமா?

2015–16ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 30.9 பேர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். 2019–21ல் எடுத்த அடுத்த ஆய்வில் இது 40.4 ஆகிவிட்டது. ஆண்களில் 28.2ஆக இருந்தது 37 ஆயிற்று. சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு ஒன்பது, பத்துப் பேர் புதிதாகச் சோம்பேறிகளாகிவிட்டார்களா? இதை எந்தப் புத்தியுள்ள மனிதனும் நம்பமாட்டான்.

மாறியது மனிதனின் குணமல்ல, அவன் வாழ்க்கை. உடல் அசையும் வேலை குறைந்து, உட்கார்ந்தே செய்யும் வேலை பெருகியது. இரவு ஷிப்டு தூக்கத்தைப் பறித்தது. அரிசியும் மைதாவும் எண்ணெயும் சர்க்கரையும் மலிவாக வயிற்றை நிரப்புகின்றன. பருப்பும் காய்கறியும் பழமும் கூலிக்காரன் பட்ஜெட்டில் கடைசி இடத்துக்குத் தள்ளப்படுகின்றன.

உடம்புக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால், அது பசியைக் கூட்டுகிறது. சக்தியைச் செலவிடுவதைச் சுருக்குகிறது. இழந்த எடையை மீட்கப் போராடுகிறது. மிதமிஞ்சிய பருமன் உள்ளவர்களில் பெரும்பாலோர் உணவுக் கட்டுப்பாட்டால் குறைத்த எடை திரும்பிவிடுவது இதனால்தான். “மன உறுதி இல்லை” என்று அவர்களை ஏசுவது, காய்ச்சல்காரனைப் பார்த்து “ஏன் சுடுகிறாய்?” என்று கேட்பதைப் போன்றது.

கத்தி என்ன செய்கிறது?

இந்த வைத்தியம் நேற்று முளைத்ததல்ல. 1950களில் அமெரிக்காவில் சிறுகுடலின் பெரும் பகுதியைச் சுற்றிவிட்டு இணைக்கும் முறையைத் தொடங்கினார்கள். எடை குறைந்தது, ஆனால் பலருக்குக் கல்லீரல் கெட்டது. அந்த முறை கைவிடப்பட்டது. பிறகு அயோவா பல்கலைக் கழகத்தின் டாக்டர் எட்வர்ட் மேசன், 1966ல் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் முறையைத் தொடங்கினார். அதன் வழி வந்ததுதான் இன்றைய ‘பைபாஸ்’. இரைப்பையில் ஒரு முட்டையளவு பையை மட்டும் ஒதுக்கி, அதைச் சிறுகுடலோடு நேராகச் சேர்க்கிறார்கள்.

இன்று அதிகமாகச் செய்யப்படுவது ‘ஸ்லீவ்’ என்ற முறை. இரைப்பையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய்போல விடுகிறார்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பதை வாசகர்கள் மறக்கக்கூடாது.

வயிறு சின்னதாவதால் மட்டும் எடை குறைகிறது என்று நினைப்பதும் தவறு. பசியைத் தூண்டும் சுரப்பு குறைகிறது. ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் சுரப்புகள் கூடுகின்றன. எடை இறங்குவதற்கு முன்பே பலருக்குச் சர்க்கரை வியாதி அடங்கத் தொடங்குகிறது.

வரவும் செலவும்

வரவு என்ன? ஸ்வீடனில் 1987ல் தொடங்கி, ரண சிகிச்சை செய்துகொண்டோரையும் செய்துகொள்ளாதோரையும் சேர்த்து நாலாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2020ல் வெளியான முடிவின்படி, செய்துகொண்டவர்கள் செய்துகொள்ளாத பருமனானவர்களைவிட சுமார் மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆனால் சாதாரண ஜனங்களைவிட அவர்கள் ஆயுள் ஐந்தரை ஆண்டு குறைவாகவே இருந்தது. இது வைத்தியம், வரப்பிரசாதமல்ல.

அமெரிக்காவில் 150 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையின் ஐந்தாண்டு முடிவு 2017ல் வந்தது. பைபாஸ் செய்தவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கும், ஸ்லீவ் செய்தவர்களில் 23 பேருக்கும் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டது. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் ஐந்தே பேருக்குத்தான் அந்த நிலை. பெரிய வித்தியாசந்தான். ஆனாலும் ரண சிகிச்சை செய்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அந்த அளவு கட்டுப்பாடு நிலைக்கவில்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது.

செலவு என்ன? அமெரிக்காவின் அனுபவமுள்ள ஆஸ்பத்திரிகளில் 4,776 பேரைக் கவனித்து 2009ல் வெளியான ஆய்வில், முதல் முப்பது நாட்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர் இறந்தார்கள். தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்தப் பெருக்கு, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது — இவை ஆரம்ப ஆபத்துக்கள். பின்னால் வருவன பித்தக் கற்கள், நெஞ்செரிச்சல், ரத்த சோகை, எலும்புத் தேய்மானம். இரும்பு, கால்சியம், பி12, டி வைட்டமின்களை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். ரத்தப் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கு மதுவின் போதை வேகமாகவும் அதிகமாகவும் ஏறுகிறது. புதிதாகக் குடிக்கு அடிமையாகும் ஆபத்தும் உண்டு.

விளம்பரத்தில் சிரிக்கும் முகத்துக்குப் பின்னால் இந்தப் பட்டியல் இருக்கிறது. 2024 ஏப்ரலில் சென்னையின் புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். சர்க்கார் விசாரணை நடத்தி, அந்த ஆஸ்பத்திரியின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. இதனால் சிகிச்சையே கொலைகாரச் சிகிச்சை ஆகிவிடாது. எந்த இடத்தில், என்ன வசதியோடு செய்கிறார்கள் என்பது உயிர்ப் பிரச்னை என்பதுதான் படிப்பினை.

அளவுகோலில் ஒரு அநியாயம்

யாருக்கு இது தேவை? எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண்ணைத்தான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே நம்மவர்களுக்குச் சர்க்கரையும் இருதய நோயும் வருகின்றன. ஆகவே 2009ல் இந்திய நிபுணர்கள் கூடி நம் நாட்டுக்கென அளவு வகுத்தார்கள்: கூடவே வேறு நோய் இருந்தால் 32.5, இல்லாவிட்டால் 37.5. 2022ல் சர்வதேச ரண சிகிச்சைச் சங்கங்கள் ஆசிய மக்களுக்கு 27.5 முதலே யோசிக்கலாம் என்றன.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் என்ன செய்கின்றன? இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் வகுத்த வாசகத்தின்படி, 40 இருக்க வேண்டும். அல்லது கடுமையான நோயுடன் 35 இருக்க வேண்டும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 165 சென்டிமீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ள, சர்க்கரை கட்டுக்கடங்காத ஒரு தொழிலாளிக்கு இந்த எண் 33. இந்திய நிபுணரின் கணக்கில் அவருக்குச் சிகிச்சை தேவைப்படலாம். கம்பெனியின் கணக்கில் அவர் இன்னும் ஐந்து கிலோவுக்கு மேல் பருமனான பிறகே வரவேண்டும்! பிரீமியம் வாங்கும்போது இந்தியன். பணம் கொடுக்கும்போது மேல்நாட்டான். இது என்ன நியாயம்?

ஊசி மருந்து வந்துவிட்டதே?

2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வெகோவி என்ற ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. இவை பசியை அடக்கி எடையைக் குறைக்கின்றன. கத்திக்கு முன் இந்த வழியையும் டாக்டரிடம் கேட்பது அவசியம். ஆனால் ஊசியை நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும் பகுதி திரும்புகிறது என்று பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஆயுள் முழுவதும் மருந்து வாங்குவதா, ஒருமுறை ரண சிகிச்சை செய்து ஆயுள் முழுவதும் கண்காணிப்பில் இருப்பதா என்பதுதான் உண்மையான ஒப்பீடு. எதுவும் ‘ஒரே நாளில் முடிந்தது’ அல்ல.

கையெழுத்துப் போடுமுன்

ஆகவே, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை:

ஒன்று: எனக்கு எந்த முறை, ஏன் அந்த முறை? எனக்கு ஏற்கனவே நெஞ்செரிச்சல் இருந்தால் ஸ்லீவ் பொருந்துமா?

இரண்டு: இந்தச் சிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? நடு இரவில் கசிவு ஏற்பட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே இருக்கிறதா?

மூன்று: முதல் வாரங்களில் நீராகாரம், பிறகு கூழ், பிறகுதான் கெட்டி உணவு என்கிறீர்கள். நான் எப்போது வேலைக்குத் திரும்பலாம்? அதுவரை வீட்டுக்கு என்ன வழி?

நான்கு: முட்டை, பருப்பு, மாத்திரை, பரிசோதனை — மாதம் என்ன ஆகும்? முதல் பில்லை மட்டும் சொல்லாதீர்கள். பத்து வருஷத்துக்குச் சொல்லுங்கள்.

ஐந்து: எடை திரும்ப ஏறினால் என்ன செய்வீர்கள்? மனம் தளர்ந்தால் யாரிடம் போவது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேரமில்லாத டாக்டரிடம் வயிற்றைக் கொடுக்க வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாப்பிள்ளை வீட்டார் கண்ணுக்காகச் செய்துகொள்ளும் காரியமல்ல இது. சிகிச்சைக்குப் பின் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கல்யாணத்துக்காக இதைச் செய்யச் சொல்லுகிறவர்கள், கல்யாணமான மறு மாதமே “விசேஷம் உண்டா?” என்று கேட்பார்கள். உடம்பு உங்களுடையது, நோய் உங்களுடையது, தீர்மானமும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

சர்க்கார் செய்ய வேண்டியது

தனியார் ஆஸ்பத்திரியில் இதற்கு லட்சக்கணக்கில் ஆகிறது. நிலத்தையோ நகையையோ விற்றவருக்கு நிதானமாக யோசிக்க இடமேது? பிறகு மாத்திரை வாங்கக் காசேது? தலைநகரின் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சை நடந்திருக்கிறது. சர்க்கார் டாக்டர்களுக்குத் திறமை இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலாவது பருமன் சிகிச்சைப் பிரிவு வேண்டும். டாக்டர், உணவு ஆலோசகர், மனநல ஆலோசகர் மூவரும் அங்கே இருக்க வேண்டும். பிறகு வேண்டிய வைட்டமின்களும் பரிசோதனைகளும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இன்சூரன்ஸ் அளவை நம் நாட்டு உடம்புக்குத் தக்கபடி திருத்த வேண்டும்.

அதுவரை நம் வாசகர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: வேண்டும் என்று தீர்மானித்தாலும், வேண்டாம் என்று தீர்மானித்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேளுங்கள், விசாரியுங்கள், இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும், அவருக்கு இதில் என்ன லாபம் என்று ஒருமுறை யோசியுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.