காணவில்லை என்பதனால் இல்லை என்றாகுமா?



வீட்டுக் கணினி இன்று நம் இல்லங்களில் பழைய மரப்பெட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. முன்னாளில் சேலைகளுக்கு அடியில் பத்திரமாக வைக்கப்பட்ட நிலப் பத்திரமும், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும், ஞானஸ்நானச் சான்றும், மருத்துவர் தந்த அறிக்கையும் இன்று கோப்புகளாக மாறிக் கணினிக்குள் அடங்கியிருக்கின்றன. மரப்பெட்டியில் உள்ளதைக் கைவிட்டுத் துழாவி எடுத்துவிடலாம். கணினியிலோ, தேடும் கட்டத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டு அதன் விடைக்காகக் காத்திருக்க வேண்டியுள்ளது. "எதுவும் கிடைக்கவில்லை" என்று அது கூறிவிட்டால், அன்றைய பொழுதின் அமைதி அத்துடன் முடிந்தது. "கடைசியாகக் கணினியைத் தொட்டவன் நீதானே!" என்று மகன்மேல் பழி விழுகிறது. செய்யாத குற்றத்திற்கு அவன் முகம் வாடுகிறது.

சென்ற திங்களில் வாசகி ஒருவர் எழுதிய மடல் நம் நெஞ்சைத் தொட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியரான அவருடைய தந்தை, 2003-ஆம் ஆண்டளவில் தம் குடும்ப வரலாற்றைக் கணினியில் தாமே தட்டச்சு செய்து வைத்திருந்தாராம். தந்தை காலமான பின்பு, பழைய கணினியில் இருந்தவற்றையெல்லாம் புதிய கணினியின் டி டிரைவில் நகலெடுத்திருக்கிறார்கள். பாட்டனாரின் பெயர், ஊர்ப்பெயர், 'பூர்வீகம்' என்னும் சொல் என எதை எழுதித் தேடினும் ஒன்றும் அகப்படவில்லை. "அப்பா எழுதியது அழிந்துவிட்டது, பழைய கணினியை இனி வைத்திருப்பானேன், இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம்" என்கிறாராம் தம்பி. நாம் அச்சகோதரிக்குச் சொல்வது இதுவே: பொறுங்கள். தேடல் 'கிடைக்கவில்லை' என்று சொன்னதற்கு, 'இல்லை' என்பது பொருளன்று.

தேடல் எங்கே தேடுகிறது?

பலரும் அறியாத உண்மை ஒன்றுண்டு. நாம் ஒரு சொல்லை எழுதியவுடன் கணினி ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படித்துப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே தயாரித்து வைத்த ஓர் அட்டவணையை மட்டுமே அது புரட்டுகிறது. இதனை இண்டெக்ஸ் என்பர். விண்டோஸ் கணினிகளில் 2007-இல் வெளிவந்த விஸ்டா முதலாகவும், ஆப்பிள் கணினிகளில் 2005-இல் வந்த ஸ்பாட்லைட் முதலாகவும் இம்முறையே வழக்கத்தில் உள்ளது.

பங்கு அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பதிவேட்டின் இறுதியில் பெயர் வரிசை ஒன்று இருக்கும். எழுத்தர் அவ்வரிசையைப் பார்த்தே பக்கத்தைப் புரட்டுவார். யாரோ ஒருவர் அவ்வரிசையில் ஒரு பெயரை எழுத மறந்திருந்தால், உள்ளே பதிவு தெளிவாக இருந்தும், "அப்படியொரு பெயர் இல்லை" என்றே விடை வரும். கணினியின் தேடலும் இத்தகையதே. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "கோப்பு எங்கே போயிற்று?" என்பதன்று, "அட்டவணையில் அது ஏன் ஏறவில்லை?" என்பதே.

முதற் சோதனை

குறை அட்டவணையிலா, கோப்பிலா என்று பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறைக்குள் புதிதாக ஒரு சிறு கோப்பை உண்டாக்குங்கள். வேறெங்கும் வராத ஒரு சொல்லை, எடுத்துக்காட்டாக 'கொடுக்காப்புளி' என்பதை, அதனுள் எழுதிச் சேமியுங்கள். சில நிமிடங்கள் கழித்து அச்சொல்லைத் தேடுங்கள்.

அது கிடைக்குமாயின் அட்டவணை நலமாகவே உள்ளது. குறை நீங்கள் தேடும் கோப்பிலோ, அது இருக்கும் இடத்திலோதான். கிடைக்காவிடில் அட்டவணையே பழுதுற்றிருக்கக்கூடும். அப்போது முதலில் கணினியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். பல வேளைகளில் இதுவே போதும். போதாதெனில், கண்ட்ரோல் பேனலில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' என்னும் பகுதியைத் திறவுங்கள். வேலை முடிந்துவிட்டதா, இன்னும் நடைபெறுகிறதா என்பதை அதுவே காட்டும். நடைபெறுகிறது என்றால் பொறுத்திருப்பதே மருந்து. அசைவே இல்லையெனில், 'சர்வீசஸ்' பட்டியலில் 'விண்டோஸ் சர்ச்' இயங்குகிறதா என்று பாருங்கள், நின்றிருந்தால் தொடங்கிவையுங்கள்.

இவை எதுவும் பயன் தராதபோதுதான் 'அட்வான்ஸ்டு' என்பதை அழுத்தி, 'ரீபில்டு' என்னும் பொத்தானை நாட வேண்டும். பழைய அட்டவணையை அழித்துப் புதிதாக எழுதச் சொல்லும் கட்டளை இது. கோப்புகளுக்கு இதனால் யாதொரு தீங்கும் நேராது. ஆனால் மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். அது முடியும்வரை தேடலின் விடைகள் அரைகுறையாகவே இருக்கும். மடிக்கணினியாயின் மின் இணைப்பிலேயே வைத்திருங்கள். பாதியில் பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் அதே பொத்தானை அழுத்துவது, முளைத்ததா என்று பார்க்க விதையை நாள்தோறும் தோண்டுவதற்கு ஒப்பாகும்.

இடம் மாறிய கோப்புகள்

அட்டவணை நலமாக இருந்தும் கோப்பு அகப்படாமைக்குப் பெருங்காரணம் இடமே. விண்டோஸ் பொதுவாக நம் பெயரிலுள்ள கோப்புறைகளையே அட்டவணையிடும். நம் நாட்டிலோ, கணினி விற்பவர் வட்டை இரண்டாகப் பிரித்துத் தர, முக்கியமானவற்றையெல்லாம் டி டிரைவில் வைப்பது வழக்கமாயிற்று. அந்த டி டிரைவ் தானாக அட்டவணையில் சேர்வதில்லை. அங்கே தேடினால் கோப்பின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கணினி நின்றுவிடும். உள்ளிருக்கும் சொற்களைப் படிக்காது. நமக்கு எழுதிய சகோதரியின் இல்லத்தில் நேர்ந்த முதற் குறை இதுவாகவே இருக்க வேண்டும். முன் சொன்ன 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'மாடிஃபை' என்பதை அழுத்தி, டி டிரைவுக்கு எதிரே குறியிட்டால் அதுவும் அட்டவணையில் ஏறிவிடும். பென் டிரைவில் தேடும்போதும் இதே குறை நேரும். அதற்குக் கோப்புறைத் தேர்வுகளில் 'சர்ச்' என்னும் பக்கத்தில், பெயரையும் உள்ளடக்கத்தையும் எப்போதும் தேடுமாறு குறியிடலாம். தேடல் மெதுவாக நடக்கும், எனினும் நடக்கும்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருப்பின், மகளின் கணக்கில் சேமித்த கோப்பு தந்தையின் கணக்கில் தேடினால் வராது. ஒன்டிரைவ் போன்ற இணையக் கிடங்கில் மட்டும் இருப்பவற்றின் பெயர் கிடைத்தாலும் உள்ளடக்கம் கிடைக்காமற் போகலாம். குப்பைத்தொட்டியாகிய 'ரீசைக்கிள் பின்'னையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தோளில் ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதையாகிவிடக் கூடாதன்றோ?

தமிழ்க் கோப்புகளுக்கே உரிய தொல்லை

இனி நாம் சொல்லப்போவது, ஆங்கிலத்தில் எழுதுவோர் அறியாத இடர்ப்பாடு. 2000-ஆம் ஆண்டையொட்டி நம்மவர் தமிழைத் தட்டச்சு செய்தது பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான். அவற்றில் திரையில் தெரிவது தமிழே. கணினி உள்ளே எழுதி வைத்திருப்பதோ ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'அம்மா' என்று நாம் படிக்கும் இடத்தில், எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்பவையே சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு என்னும் முகமூடிதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்னும் முறைகள் பரிந்துரைக்கப்பட்டன. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டெனினும், வீட்டுக் கணினிகளில் அது பரவப் பல்லாண்டுகள் ஆயின. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டதே 2010-இல்தான். இன்று நாம் தேடும் கட்டத்தில் எழுதுவது யூனிகோடு. அந்தத் தந்தையார் 2003-இல் எழுதியது பழைய எழுத்துருவில் இருந்திருக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டும் கணினிக்கு வெவ்வேறு. எத்தனை முறை பாட்டனாரின் பெயரை எழுதினும் அது எவ்வாறு கிடைக்கும்?

வழியில்லாமல் இல்லை. எழுத்துரு எதுவாயினும் 1, 2, 3 என்னும் எண்கள் மாறுவதில்லை. ஆகவே பாட்டனார் பிறந்த ஆண்டையோ, வீட்டுக் கதவெண்ணையோ, நிலத்தின் சர்வே எண்ணையோ எழுதித் தேடுங்கள். அன்றியும், சொல்லை விட்டுவிட்டுக் காலத்தைக் கொண்டு தேடலாம். கோப்புகளைத் தேதி வரிசையில் நிரல்படுத்தி, 2003, 2004-ஆம் ஆண்டுகளுக்குரியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும் கோப்பைக் கண்டு, "கெட்டுப்போயிற்று" என்று அழித்துவிடாதீர்கள். பாமினி எழுத்துரு புதிய கணினியில் இல்லாமையால் முகமூடி கழன்று நிற்கிறது, அவ்வளவே. எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் உயிர்பெறும். எழுத்துரு மாற்றிகள் கொண்டு யூனிகோடாக மாற்றி ஒரு படி எடுத்துக்கொள்ளலாம். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

யூனிகோடில் எழுதியதாயினும் கவனம் வேண்டும். 'நிலம்' என்று தேடினால் 'நிலத்தின்' என்று எழுதிய கோப்பு தவறிப்போகலாம். மாறாத பகுதியாகிய 'நில' என்பதை மட்டும் எழுதினால் இரண்டும் அகப்படும். 'ஔவை' என்பதில் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியவர் பலர். அவ்வாறும் தேடிப் பாருங்கள். நம் பெயர்களோ பலவுருவம் கொண்டவை. ஒரே மனிதர் ஓரிடத்தில் சூசை, மற்றோரிடத்தில் யோசேப்பு, பள்ளிச் சான்றில் ஜோசப். சவரிமுத்து என்று வீட்டில் அழைக்கப்பட்டவர் அலுவலகத்தில் சேவியர். நாம் அறிந்த உறவு கணினிக்குத் தெரியாது.

கடைசியாக, ஸ்கேன் செய்த தாள்களைப் பற்றி ஒரு சொல். அவை எழுத்தல்ல, எழுத்தின் படம். அவற்றினுள் சொல்லைத் தேடுவது நிழற்படத்திலுள்ளவரைப் பெயர் சொல்லி அழைப்பது போலாம். பெயரும் இயந்திரம் இட்ட வரிசை எண்ணாகவே இருக்கும். எனவே நட்சத்திரக் குறி, புள்ளி, அதன்பின் பி.டி.எஃப். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதித் தேடினால், அவ்வகைக் கோப்புகள் யாவும் வரிசையாக வரும். கண்ணால் பார்த்து அடையாளம் காணலாம்.

நாளைக்காக

தேடும் கலையினும் மேலானது வைக்கும் கலை. கோப்பிற்குப் பெயரிடும்போதே ஆண்டு, திங்கள், நாள், எவருடையது, என்ன பொருள் என்பவற்றை இவ்வரிசையில் எழுதிவிடுங்கள். ஸ்கேன் செய்ததை அன்றே பெயர் மாற்றுங்கள். முக்கியமானவற்றை ஒரே கோப்புறையில் வைத்து, வெளியே மற்றொரு வட்டில் ஒரு படி எடுத்து வையுங்கள். எது எங்குள்ளது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கணவன் வைத்ததை மனைவியும், பெற்றோர் வைத்ததைப் பிள்ளைகளும் அறியச் செய்யுங்கள். அறிந்தவர் ஒருவர் மட்டுமே என்றால், அவர் மறைந்த நாளில் கோப்பும் உடன் மறைகிறது.

ஆகவே, இனி உங்கள் இல்லத்தில் கணினி 'கிடைக்கவில்லை' என்று கூறும்போது, எவர்மீதும் சினம் கொள்வதற்கு முன் மேற்சொன்னவற்றை நிதானமாகச் செய்து பாருங்கள். பழைய கணினி இருக்குமாயின், அதிலுள்ளவை யாவும் புதியதில் கைக்கு எட்டிவிட்டன என்று கண்ணால் காணும்வரை அதனை எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மூலையில் அது அடைத்துக்கொள்ளும் இடம் சிறிது. அதனுள் இருக்கக்கூடியதோ, மீண்டும் எழுதித்தர ஆளில்லாத எழுத்து.

வெளி வட்டில் படி எடுத்து வைப்பது எவ்வாறு என்பதை அடுத்த இதழில் விரிவாகக் காண்போம்.