கோயிலுக்கு 100 மீட்டர், சேரிக்கு எத்தனை?

ஒயின் வாங்க யாரும் ஒயின்ஷாப்புக்குப் போவதில்லை. இருந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது. அசல் ஒயினுக்கு வேறு உலகம் இருக்கிறது. கோப்பையைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள், எந்தச் சாப்பாட்டோடு எது பொருந்தும் என்று எழுதுகிறார்கள். அது ரசனையாம். கூலிவேலை முடித்து வருகிறவர் குவார்ட்டர் வாங்கினால் அது குடி. அவர் சேரிக்காரராக இருந்துவிட்டால் ‘அவங்க புத்தியே அப்படித்தான்’.

தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை உண்டு. கம்பெனிகள் அதே பெயரில் சோடாவை விளம்பரம் செய்து தடையைத் தாண்டிவிடுகின்றன. எங்கள் பக்கத்தில் அந்தச் செலவுகூட வேண்டாம். கடை நிற்கும் இடமே விளம்பரம். பள்ளிவிட்டு வரும் பிள்ளை தினமும் பார்க்கும் பெயர்ப்பலகை அது. ஆகவேதான் இடத்தை முடிவு செய்யும் விதியைத் தோழர்கள் படிக்க வேண்டும் என்கிறோம்.

1983-இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. (எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம்!) அதன் கீழ் வந்த 2003 விதிகளின்படி, வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக் கூடாது. குடியிருப்பு என்ற சொல் இந்தத் தூரக் கணக்கில் இல்லை.

தேவிகாபுரத்தையே எடுத்துக்கொள்வோம். பெரியநாயகி அம்மன் கோயிலிலிருந்து 100 மீட்டர் அளக்க எந்த அதிகாரியும் டேப்போடு வந்துவிடுவார். காலனி வேப்பமரத்தடி மாரியம்மனிடமிருந்து அளக்க யார் வருவார்? ஊரின் கோயில், ஊரின் பள்ளி என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் மிஞ்சுவது எது? வயலோரமும் சேரியோரமும்தான். விதியில் சாதி எழுதப்படவில்லை. ஊர் எப்படிப் பிரிந்து கிடக்கிறதோ, அந்தக் கோட்டின் மேலேயே விதி நடந்து போகிறது.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேருக்கு மிகாத உள்ளாட்சிகளில் அதை 220 மீட்டராகக் குறைத்தது. சாலையில் போகிறவர் உயிர் காக்கும் நல்ல தீர்ப்பு. ஆனால் சாலையிலிருந்து கிளம்பிய கடைகள் குடியிருப்புகளைத் தேடி வந்தன. மாநிலம் முழுக்கப் பெண்கள் மறித்தார்கள். அந்த ஏப்ரலில் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது மாநிலத்தில் 4,800-க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. வருமானம் போய்விடும் என்பது அடுத்த வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்தப் பணம் யார் வீட்டு அடுப்படியிலிருந்து வருகிறது? சேலை அறுத்துக் கொடுத்த அன்றுதான் தறிக்காரர் வீட்டில் கூலிக்காசு. அந்தக் காசு வீடு வரைக்கும் வருமா என்று காத்திருக்கும் பெண்ணுக்கு ஊர்த்தெரு, காலனி என்ற வித்தியாசம் இல்லை.

நாங்கள் கேட்பது முழு மதுவிலக்கு அல்ல. அது தனி விவாதம். முதலில், கடை வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை அதன் அருகில் வாழ்கிறவருக்கு வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2008-இலிருந்து அப்படி ஒரு வழி இருக்கிறது. பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர் மனு கொடுத்தால் வாக்கெடுப்பு. சீட்டில் நிற்கும் பாட்டில் ஒன்று, படுத்த பாட்டில் ஒன்று. பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்கு விழுந்தால் கடை மூடல். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தூர விதியில் குடியிருப்பைச் சேர்க்க வேண்டும், காலனியைப் பெயர் சொல்லியே சேர்க்க வேண்டும், மகாராஷ்டிரம் போல வாக்கெடுப்பு வேண்டும். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2: நான்கு நாளும் கிராம சபை உண்டு, நான்கு நாளும் டாஸ்மாக் விடுமுறை. காலனிப் பெண்கள் முன்வரிசையில் உட்காரட்டும். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்த பிறகே எழுந்திருங்கள். நகலை வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.