பெரியோர் சொல்லும் பெருக்கற் கணக்கும்

147573952589676412927. இருபத்தோரிலக்கங் கொண்ட இவ்வெண்ணைக் கண்டவுடன் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாவென நண்பர்களை வேண்டுகிறேன். யானும் கணித மாணவனல்லேன், தமிழ் பயில்பவனே. விடுதியில் நண்பரொருவர் இதனை எனக்குக் காட்டினார். இதன் வரலாறு நம்மனைவர்க்கும் ஏற்றதொரு பாடமென்பது என் கருத்து.

இரண்டை அறுபத்தேழு தடவை எழுதி, அவற்றையெல்லாம் பெருக்கி, வருந் தொகையில் ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவியார் 1644ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனைப் பகா எண் என்றார்; அஃதாவது, ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண் என்றார். அவர் பேரறிஞர், ஆயினும் அதனை மெய்ப்பித்துக் காட்டினாரல்லர். 232 ஆண்டுகள் கழித்து, 1876இல், லூகாஸ் என்னும் பிரெஞ்சுக் கணிதர், இது பகா எண் அன்றென நிறுவினார். ஆனால் அவர் கண்ட முறை, இவ்வெண் பகுபடும் என்பதைக் காட்டுமேயன்றி, எதனாற் பகுபடும் என்பதைக் காட்டாது. அமெரிக்கக் கணிதராகிய கோல் என்பாரே 1903 அக்டோபரில் அதன் இரு காரணிகளை வெளியிட்டார். அவை 193707721, 761838257287 என்பன. அவற்றைக் காண மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அவர் செலவிட்டார் என்பர்.

“லூகாஸ் நிறுவிய பின்னர்க் கோலின் உழைப்பு வீணன்றோ? இன்று கணிப்பொறி இதனை இமைப்பொழுதிற் செய்யுமே!” என்பாருளர். யான் அதனை ஒப்பேன். லூகாஸின் நிறுவலை உணர உயர்கணிதம் வேண்டும். கோல் தந்த விடையைச் சோதிக்கவோ பள்ளிச் சிறுவன் கற்ற பெருக்கலே போதும். சென்ற விடுமுறையில் யானே காகிதமும் பென்சிலுங் கொண்டு அவ்விரண்டையும் பெருக்கினேன். இருமுறை பிழைத்தேன். மூன்றாம் முறை இருபத்தோரிலக்கமும் ஒத்துவரக் கண்டேன். எவர் சொல்லையும் நம்பியிராது, என் கைப்படவே ஓர் உண்மையை அறிந்த நாள் அது.

தமிழ் மாணவராகிய நாமோ, உரையாசிரியர் இவ்வாறு கூறினார், பேராசிரியர் அவ்வாறு கூறினார் என்றெழுதித் தேர்வில் அமைதியடைகிறோம். மூலத்தை விரித்து நோக்குவார் எத்துணையர்? கேட்டால், பெரியோரை ஐயுறுதல் பிழையென்கிறோம். சோதித்தல் அவமதித்தல் அன்று. மெர்சென் சொல் பிழைபட்டது. ஆயினும் அவ்வகை எண்களை உலகம் இன்றளவும் ‘மெர்சென் எண்கள்’ என்றே வழங்குகின்றது. ஆராய்ந்தமையால் அவர் புகழ் குன்றவில்லை, அறிவு வளர்ந்தது. நம் ஆசிரியர்க்கும் நாம் செய்யத்தக்க சிறப்பு அதுவேயாகும்.