வீட்டு விஞ்ஞானம்: கடல் தொட்டிக்குச் சுண்ணாம்புக் கணக்கு

குதிரைமொழித் தேரியில் பனையேறுகிறவர்கள் பதநீர்க் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவும்போது எந்தப் புஸ்தகத்தையும் புரட்டிப் பார்ப்பதில்லை. தடவல் குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். மிகுந்தால் குடிப்பவனுடைய நாக்கு வெந்துபோகும். இரண்டுக்கும் நடுவே உள்ள அளவு அவர்களுடைய விரலிலேயே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வந்த அந்தக் கைப்பழக்கத்தை நாம் வணங்குகிறோம். ஆனால், வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் கடல் நீரை ஊற்றிக் கடற் பிராணிகளை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தக் கைப்பழக்கம் உதவாது. அங்கேயும் விஷயம் சுண்ணாம்புதான். ஆனால் விரலுக்குப் பதில் காகிதமும் பென்ஸிலும் வேண்டும்.

இப்பகுதியில் இதைப்பற்றி எழுதும்படி நேயர்கள் சிலர் கேட்டு வந்தார்கள். உடனே எழுதத் தூண்டியது நமது ஊரிலேயே நடந்த ஒரு சம்பவம். கல்லூரியில் படிக்கும் பிள்ளையாண்டான் ஒருவன் கடைச் சீசாக்கள் இரண்டை வாங்கி வந்து, 'தினம் ஒரு மூடி' என்று சீட்டில் கண்டிருந்தபடியே இரண்டையும் ஒருசேரத் தொட்டியில் கவிழ்த்தான். நீர் பால்போல் வெளுத்தது. மறுநாள் காலையில் இரண்டு மீன்களும் ஒரு நத்தையும் மிதந்தன. நீரில் என்ன இருக்கிறது, எவ்வளவு குறைகிறது என்று பாராமல், சீட்டில் கண்டதை மட்டும் நம்பியதன் பலன் அது. ஜுரம் பாராமல் கொய்னா கொடுக்கும் வைத்தியரை நாம் வீட்டுக்குள் விடுவோமா?

முதலில் ஒரு சட்ட விஷயம். கடற்கரையில் வாழும் நமக்கு இது அவசியம். கொத்துப் பவளம் என்னும் முருகை இனங்கள் அனைத்தும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. ஆகையால் உயிருள்ள பவளத்தைக் கடலிலிருந்து பெயர்த்து வந்து வீட்டில் வைப்பது குற்றம். பாறையில் இளஞ்சிவப்பாகப் படரும் சுண்ணாம்புப் பாசியும், நத்தையும், குழாய்ப் புழுவும் வளரும் தொட்டியே நம்மைப் போன்றவர்களுக்குப் போதும். அவையும் பவளத்தைப் போலவே நீரிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சித்தான் வீடு கட்டுகின்றன. கணக்கு இரண்டுக்கும் ஒன்றே; செலவுதான் பவளத் தொட்டியில் பல மடங்கு.

இந்தக் கட்டடத்துக்குச் சரக்கு இரண்டு. ஒன்று கால்சியம். மற்றொன்று நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்; இதைக் 'காரத்தன்மை' என்ற பெயரால் அளக்கிறோம். நல்ல கடல் நீரில் லிட்டர் ஒன்றுக்குக் கால்சியம் சுமார் 420 மில்லிகிராம், மக்னீஷியம் சுமார் 1,300 மில்லிகிராம், காரத்தன்மை 2.3 மில்லி ஈக்விவலெண்ட் அளவில் இருக்கும். சேலஞ்சர் என்னும் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிக் கொண்டுவந்த 77 கடல் நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்பவர் சோதித்து 1884-இல் முடிவுகளை வெளியிட்டார். உப்பு மிகுந்தாலும் குறைந்தாலும் பிரதான உப்புகளின் விகிதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதை அவர் கண்டார். கடலின் பரப்பு பெரிது. உயிர்கள் எடுப்பது அதற்குத் தெரிவதில்லை. நம் கண்ணாடிப் பெட்டிக்கோ நாலு நாளில் தெரிந்துவிடுகிறது.

'சமையல் உப்பைக் கரைத்தால் கடல் நீர் ஆகாதா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகாது. தூத்துக்குடி உப்பளத்தாரைக் கேட்டால் ஏன் என்று தெரியும். கடல் நீர் பாத்தியில் சுண்டும்போது கால்சியத்தில் பெரும் பங்கு ஜிப்ஸமாக முன்னதாகவே படிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் உப்பு விளைகிறது. உப்பை வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீஷியம் தங்கிவிடுகிறது. முன்னே ஒன்றும் பின்னே ஒன்றும் நழுவிப் போக, நடுவில் வாரியதுதான் நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜாடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இனிக் கணக்கு. நேயர்கள் பயப்பட வேண்டாம். வட்டிக் கணக்கைவிட எளிது.

பிராணிகள் சுண்ணாம்பைக் கட்டும்போது கால்சியமும் காரத்தன்மையும் எப்போதும் ஒரே விகிதத்தில் செலவாகின்றன. காரத்தன்மையில் 1 மில்லி ஈக்விவலெண்ட் குறைந்தால் கால்சியத்தில் 20 மில்லிகிராம் குறையும். இது ரஸாயனம் விதித்த விகிதம், பேரத்துக்கு இடமில்லை. கடைகளில் விற்கும் சோதனைச் சாமான்கள் காரத்தன்மையை ஜெர்மன் பாகையில் சொல்லும். 2.8 பாகை ஒரு மில்லி ஈக்விவலெண்ட். ஐந்து மில்லி நீரில் நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு, சொட்டுக்கு ஒரு பாகை என்று எண்ணுவார்கள். பத்து மில்லி நீர் எடுத்துக்கொண்டால் ஒரு சொட்டு அரைப் பாகை ஆகும். செலவில்லாமல் நுட்பம் இரட்டிக்கும்.

90 சென்டிமீட்டர் நீளமும், 45 அகலமும், 45 உயரமும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 182 லிட்டர். ஆனால் மணலும் கல்லும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விளிம்புவரை நீரும் நிற்காது. நீர் ஊற்றும்போதே குடம் குடமாக எண்ணிக்கொள்வது உத்தமம். 150 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் பிழையானால் பின்னால் வருவதெல்லாம் பிழை.

திங்கட்கிழமை காலை 8 மணிக்குக் காரத்தன்மை 8.4 பாகை, அதாவது 3 மில்லி ஈக்விவலெண்ட். எதுவும் சேர்க்காமல் விட்டு, புதன்கிழமை அதே 8 மணிக்குப் பார்க்கையில் 7 பாகை, அதாவது இரண்டரை. இரண்டு நாளில் அரை, நாளொன்றுக்குக் கால். 150 லிட்டருக்கு இது 37.5 மில்லி ஈக்விவலெண்ட். ஆப்ப சோடாவில் ஒரு மில்லி ஈக்விவலெண்டுக்கு 84 மில்லிகிராம் வேண்டும். பெருக்கினால் 3.15 கிராம். வீட்டுத் தராசு காணாது. தட்டார் தராசு போன்ற நுண்தராசு வேண்டும். இல்லாவிட்டால் பத்து நாள் சோடாவான 31.5 கிராமை ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, தினம் 100 மில்லி அளந்து விடலாம். நாம் சிபார்சு செய்வது பின்னதையே.

கால்சியத்தின் பங்கு: கால் மில்லி ஈக்விவலெண்டுக்கு 5 மில்லிகிராம். 150 லிட்டருக்கு 750 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் செதில் கால்சியம் குளோரைடில் நீர் சேர்ந்திருப்பதால் நூற்றில் சுமார் 27 பங்கே கால்சியம். ஆகவே 2.75 கிராம் வேண்டும். சேர்ந்த நீர் நீக்கிய சரக்காயின் நூற்றுக்கு 36 பங்கு, 2.1 கிராம் போதும். சீசாவில் எது என்று பார்த்து வாங்குக.

மேற்படி இரண்டு நாளில் கால்சியம் 420-இலிருந்து 410-க்குத்தான் இறங்கியிருக்கும். வீட்டுச் சோதனையில் பத்து மில்லிகிராம் வித்தியாசம் கண்ணுக்கே படாது. காரத்தன்மையோ ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. எனவே தினம் தினம் கால்சியத்தைச் சோதித்துக் கவலைப்படுவது வீண். காரத்தன்மையை அளந்து, கால்சியத்தை அதன் விகிதத்தில் தொடரவிட்டு, மாதம் ஒரு முறை கால்சியத்தையும் சரிபார்த்தால் போதும்.

சிலர் அடிக்கடி புதுக் கடல் நீர் மாற்றினால் இந்தத் தொல்லை வேண்டாம் என்பார்கள். கணக்குப் பாருங்கள். மேற்சொன்ன தொட்டியில் வாரத்துக்குக் குறைவது 1.75. வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் அந்தக் குறையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.175 திரும்பும். மீதி எங்கிருந்து வரும்? பாசியும் நத்தையும் மட்டும் உள்ள தொட்டியில் குறைவது மிகச் சிறிது. ஆதலால் அங்கே நீர் மாற்றமே பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆனாலும் நீர் மாற்றம் எவருக்கும் வேண்டும். சோடாவும் குளோரைடும் சேர்ந்து, சுண்ணாம்பு போக மிஞ்சுவது உப்பு. நம் கணக்குத் தொட்டியில் அது நாளொன்றுக்கு 2.2 கிராம், மாதத்துக்கு 66 கிராம். லிட்டருக்கு ஏறத்தாழ அரைக் கிராம் உப்பு ஏறுகிறது. அதை இறக்க வேறு வழி கிடையாது.

இவ்விரண்டையும் ஒரே கரண்டியில் கலந்துவிடக் கூடாது. கலந்த கணத்தில் சுண்ணாம்புக்கல் தூளாகப் படிந்துவிடும், இரண்டும் வீண். ஒன்றை விட்டு அரை மணி கழித்து, நீர் நன்றாகச் சுழலும் இடத்தில் மற்றதை விடவேண்டும். குறை எவ்வளவு பெரிதாயிருந்தாலும் ஒரு நாளில் அரை மில்லி ஈக்விவலெண்டுக்கு மேல் ஏற்றலாகாது. பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சித் தெளிவுதானே கொடுக்கிறோம்? இத்தனை செய்தும் இரண்டும் நிலைக்காமல் சரிந்துகொண்டே போனால் மக்னீஷியத்தைச் சோதிக்க வேண்டும். சுண்ணாம்பு தானாகப் படிந்துவிடாமல் தடுத்து நிற்பது அதுதான்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. நமக்கு மிகவும் பிடித்தது. நம் பாட்டிமாருக்கும் பிடித்திருக்கும். அதுதான் சுண்ணாம்புத் தெளிவு. 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் என்பவர் ஐரோப்பாவில் இதைப் பவளத் தொட்டிகளுக்குப் பரப்பினார். ஒரு லிட்டர் நீரில் சுமார் ஒன்றரைக் கிராம் நீற்றிய சுண்ணாம்புதான் கரையும். சர்க்கரைபோல் அல்லாமல், நீர் சூடாக ஆகக் கரைவதும் குறையும். தெளிந்த அந்த லிட்டரில் காரத்தன்மை ஏறத்தாழ 40 மில்லி ஈக்விவலெண்ட், கால்சியமும் சரியான விகிதத்தில் தானே கூட இருக்கிறது, உப்பும் மிஞ்சுவதில்லை. நம் தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் ஊர் வெயிலில் தொட்டியிலிருந்து ஆவியாகும் நீருக்கு ஈடாகவே அதை விட்டுவிடலாம். ஆனால் கடுங்காரம், ஒரேயடியாக ஊற்றினால் மீன் தப்பாது. இரவில் சொட்டுச் சொட்டாக விழும்படி வைப்பது முறை. அடியில் தங்கிய பாலையும் மேலே படியும் ஏட்டையும் விலக்கித் தெளிவை மட்டும் எடுக்கவேண்டும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு வேண்டாம். அதில் வேறு என்ன கலந்திருக்கிறதோ! ரஸாயனக் கடையில் சுத்தமான சரக்கு கிடைக்கும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டி வைக்கவும். கண்ணில் பட்டால் பார்வை போகும்.

சுண்ணாம்பு விட்டுப் பவளம் வளர்ப்பது என்பதை எழுதும்போது நமக்கு ஒரு நினைவு வராமல் இல்லை. நமக்கு வடக்கே தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம்வரை 21 தீவுகள் இருக்கின்றன. 1986-இல் அவற்றைக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் பல வருஷங்கள் அங்கிருந்த முருகைக் கற்களைத் தோணி தோணியாக வெட்டி வந்து சுண்ணாம்புக் காளவாயில் எரித்தார்கள். அலையைத் தடுத்து நின்ற கல் போயிற்று. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. எத்தனையோ ஆண்டுகள் பூச்சிகள் மில்லிகிராம் மில்லிகிராமாகக் கட்டியது, வெள்ளையடிக்க ஒரு கூடைச் சுண்ணாம்பாக முடிந்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் பவளக் கிளைகளை மறுபடி நட்டு வருகிறார்கள். ஆனால் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளிறின. போதாக்குறைக்கு, புகைபோக்கிகளிலிருந்து கிளம்பும் கரியமில வாயுவைக் கடல் விழுங்கி விழுங்கி, அதன் பி.எச். அளவு 8.2-இலிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. பார்வைக்குச் சிறு எண். அமிலக் கணக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு 26 பங்கு அதிகம். 150 லிட்டருக்கு 3.15 கிராம் என்று நாம் கணக்குப் போடலாம். அந்தத் தொட்டிக்கு எந்தக் கரண்டி?

நீர் எடுக்கும் இடத்தைப்பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமிரபரணி பெருகிப் புன்னைக்காயலில் கடலோடு சேரும் நாட்களில், அந்தப் பக்கத்து நீரில் உப்பும் காரத்தன்மையும் குறைந்திருக்கும், மண்டியும் மிகும். அப்போது முகத்துவாரத்துக்கு விலகி, தெளிந்த இடத்தில் எடுத்து, துணியில் வடித்து, ஊற்றுமுன் காரத்தன்மையைச் சோதித்துக்கொள்ளவும். சோதித்த எண்ணை, தேதியும் மணியும் சேர்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எந்த நாள் சோதித்தாலும் மணி ஒன்றாயிருக்கட்டும். தினம் ஒரு மணி மாறினால் எண்ணும் மாறும், பிறகு எதை நம்புவது?