வெதருக்கும் பைபோலராம்

காலமை சுள்ளென்று வெயில். பின்னேரம் லெக்சர் முடிந்து வெளியே வந்தால் மழை ஊற்றுகிறது. எங்கட பட்ச் வட்ஸ்அப் குறூப்பில் ஒருவர் ஆங்கிலத்தில் போடுகிறார்: இண்டைக்கு வெதர் சரியான பைபோலராம். கீழே வரிசையாகச் சிரிப்பு இமோஜிகள். அதில் ஒன்று நான் போட்டது.

போட்ட பிறகுதான் உறுத்தியது. என் பெரியம்மாவின் மகனுக்குப் பைபோலர் இருக்கிறது. அண்ணாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லுக்குப் பொலிஸ் வேலை பார்க்க வரவில்லை. மேனியா என்ற சொல்லையே எடுங்கோ. கிரேக்கத்தில் வெறி, பித்து என்று பொருள். 1840களில் பிரித்தானியச் சனம் ரயில் கம்பனிப் பங்குகளை அள்ளி அள்ளி வாங்கியதை 'ரயில்வே மேனியா' என்றார்கள். பாரிஸில் பியானோ கலைஞர் லிஸ்ற்றைப் பார்த்துச் சனம் கிறங்கியதை 1844இல் கவிஞர் ஹைனே 'லிஸ்ற்றோமேனியா' என்று எழுதினார். 1963இல் 'பீற்றில்மேனியா'. 1985இலிருந்து, நாங்கள் சின்னனில் ரீவிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்த 'ரெஸ்ல்மேனியா'. இதெல்லாம் கூட்டத்தின் கிறுக்கைச் சொல்கிற சொற்கள். அந்தக் கூட்டத்தில் நோயாளி என்று யாரையும் காட்டுவதில்லை. இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை, ஒரு ஆளின் மேல் ஒட்டுகிற சொற்களோடு. ஆங்கிலத்தில் 'மேனியக்' என்றால் கத்தியோடு வருகிற படக் கொலைகாரன், இல்லாவிட்டால் கண்மண் தெரியாமல் வாகனம் ஓட்டுகிறவன். 'மேனிக்' என்றால் வேலை கூடின திங்கட்கிழமை. 'பைபோலர்' என்றால் மனம் மாறுகிற காதலி, மாறுகிற மழை. முதலாவது நோயைப் பூதமாக்குகிறது. மற்ற இரண்டும் அதைத் தூசியாக்குகின்றன. உண்மையான நோய் மூன்றிலும் இல்லை.

உண்மையான மேனியா எப்படி இருக்கும்? அண்ணாவுக்கு அது சந்தோசமாகத்தான் தொடங்கியது. ஐந்து இரவு சரியான நித்திரை இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. ஸ்ரூடியோ திறக்கப் போகிறேன் என்று கொப்பி கொப்பியாகத் திட்டம் எழுதினார். கடன் பட்டு மூன்று கமரா வாங்கினார். அவர் கதைக்கிற வேகத்துக்கு எங்களால் காது கொடுக்க முடியவில்லை. "இப்பதான் பெடியன் சுறுசுறுப்பா இருக்கிறான்" என்று பெரியம்மா எல்லாரிடமும் சொன்னா. இரண்டாம் கிழமை ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கட்டிலை விட்டு எழும்பாத இருட்டு. காலமை ஒரு மூட், பின்னேரம் ஒரு மூட் என்பதில்லை இது. மேனியா என்று சொல்ல, பொதுவாக அந்த நிலை ஒரு கிழமையாவது நீடித்திருக்க வேண்டும் என்று மருத்துவக் கையேடே சொல்கிறது.

அண்ணா இதை முதலில் சொன்னது தன் நெருங்கிய சிநேகிதனுக்கு. அவன் சிரித்துவிட்டு, "அட, நானும் பைபோலர்தான் மச்சான்" என்றானாம். அவன் கெட்டவன் இல்லை. ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பான். அந்தச் சொல்லை அவன் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவன். அதற்குப் பிறகு அண்ணா யாருக்கும் சொல்லவில்லை. கிளினிக் நாளில் பல்லு டொக்டரிடம் போவதாகச் சொல்லுவார்.

"நாங்களும்தானே 'உனக்கென்ன விசரோ' எண்டு கேக்கிறம், 'கிரிக்கெட் விசர்' எண்டு சொல்லுறம்?" என்று கேட்பீர்கள். உண்மை. நானும் சொல்கிறவள்தான். ஆனால் எந்த டொக்டரும் கிளினிக் கொப்பியில் 'விசர்' என்று எழுதுவதில்லை. 'பைபோலர்' என்று எழுதுகிறார்கள். 1957இல் கார்ல் லியோன்ஹார்ட் என்ற ஜெர்மன் மருத்துவர், இரண்டு துருவமும் உள்ள நோயை மனச்சோர்வு மட்டும் வருகிற நோயிலிருந்து பிரித்தறிய எடுத்துக்கொண்ட சொல் அது. 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கையேடு, 'மேனிக் டிப்ரெஷன்' என்ற பழைய பெயரின் இடத்தில் அதை வைத்தது. எங்கட ஆக்களுக்கு அது இன்னொரு விதத்திலும் உதவியது. 'விசர்' என்ற அழுக்கு ஒட்டாத சொல் ஒன்று கைக்குக் கிடைத்தது. பெரியம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தா. ஆனால் அது அவவின் வாசலுக்கு வர முதலே, இன்ஸ்ரா வழியாகப் பகிடியாக எங்கட போனுக்கு வந்துவிட்டது.

சொல்லுகிற பழக்கத்தை மாற்ற ஏலாது என்கிறார்கள். 2003இல் குத்துச்சண்டை வீரர் ஃபிராங்க் புருனோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டபோது, பிரித்தானியாவின் 'தி சன்' பத்திரிகை முன்பக்கத் தலைப்பில் அவரை மண்டை கழண்டவர் என்ற மாதிரிக் கேலி பண்ணியது. வாசகர்கள் கொதித்தார்கள். பிந்திய பதிப்பிலேயே தலைப்பு மாறியது. கேலியை வைத்தே பத்திரிகை விற்கிறவர்கள் மாற்றினார்கள் என்றால், ஒரு வட்ஸ்அப் குறூப்புக்கு ஏலாதா?

நான் கேட்பது ஒன்றுதான். பகிடிக்கு ஒரு சொல்லை எடுக்க முதல், அது இன்றைக்கு யாருடையவோ கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கா என்று ஒருக்கா யோசியுங்கோ. எழுதியிருந்தால் அதை அவர்களுக்கு விட்டுவிடுங்கோ. மழையைத் திட்ட எங்களிடம் வேறு சொற்கள் தாராளமாக இருக்கின்றன.

அந்த இமோஜியை நான் எடுத்துவிட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.